இணையவழித் தமிழ் எழுத்துப் பயிற்சி: பிழைதிருத்திகள், அகராதிகள், இலக்கண வளங்கள்

தமிழைப் பிழையின்றி எழுதவும், எழுதியதைச் சரிபார்க்கவும், இலக்கண விதிகளைக் கற்கவும் உதவும் வளங்கள் பல இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எழுத்துப்பிழைதிருத்தி, சந்திப்பிழைதிருத்தி, மின்னகராதி, மின்நூலகம், இணையவழிப் பாடங்கள், கூட்டாக எழுதும் கலைக்களஞ்சியம் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவை ஒவ்வொன்றும் ஒரு வகைப் பிழைக்கு மட்டுமே மருந்தாகும். ஒரு சொல் மொழியில் உண்டா என்பதைக் கருவி சொல்லிவிடும். எழுதியவர் எண்ணிய சொல் அதுதானா என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே எந்தப் பிழைக்கு எந்த வளத்தை நாடுவது என்று அறிவதே இணையவழி எழுத்துப் பயிற்சியின் முதற்படியாகும்.

இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் ஊர்ப்பெயர்களையும் அன்றாட வழக்குகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வளங்களை விளக்குகிறது.

பயிற்சியின் தேவை

பள்ளிப் படிப்போடு தமிழ் எழுத்து முடிந்துவிடுவதில்லை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் வெளியிட்ட அரசாணைப்படி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தாள் கட்டாயமாக்கப்பட்டது. அதில் குறைந்தது 40 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். தொகுதி 4 தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 100 வினாக்கள், 150 மதிப்பெண்கள். 60 மதிப்பெண் எட்டாதவரின் பொது அறிவுப் பகுதி மதிப்பிடப்படாது. பிரித்தெழுதுதல், சேர்த்தெழுதுதல், சந்திப்பிழை நீக்குதல், ஒருமை பன்மைப் பிழை நீக்குதல் முதலியன இத்தேர்வுக்குப் படிக்க வேண்டிய பகுதிகளாக வழங்கி வருகின்றன. தொகுதி 1 முதன்மைத் தேர்வின் தகுதித் தாளில் மொழிபெயர்ப்பு, சுருக்கி எழுதுதல், கடிதம் வரைதல் போன்றவை விரித்தெழுத வேண்டியவை. பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஒவ்வொரு தேர்வுக்கும் அதன் அறிவிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தேர்வுக்கு வெளியிலும் தேவை உண்டு. வேலை விண்ணப்பம், மாநகராட்சிக்குக் கோரிக்கை மனு, குடியிருப்போர் சங்க அறிவிப்பு, கடைப்பலகை என நாள்தோறும் தமிழ் எழுதப்படுகிறது. அவற்றைத் திருத்தித் தர ஆசிரியர் இருப்பதில்லை.

ஒரு மனுவில் நான்கு வகைப் பிழைகள்

கீழ்க்காணும் மாதிரி மனு நான்கு வகைப் பிழைகளைக் காட்டுவதற்காக அமைக்கப்பட்டது:

"எங்கள் தெருவில் மின்விளக்குகள் எரியாததால் இரவு வேலையில் பெண்கள் அஞ்சுகின்றனர். பள்ளிச் சுவற்றில் சாய்ந்துள்ள கம்பத்தை அகற்றக் கோரி இரு மனுக்கள் அளிக்கப்பட்டது. இதனை சரி செய்ய வேண்டுகிறோம்."

1. சொல்வடிவப் பிழை: "சுவற்றில்" என்பது தவறு. கிணறு, வயிறு போன்று "று" என முடியும் சொற்களே கிணற்றில், வயிற்றில் என இரட்டிக்கும். "சுவர்" ரகர மெய்யில் முடிவதால் "சுவரில்" என்றே வரும். இத்தகைய பிழையைப் பிழைதிருத்தி எளிதில் சுட்டக்கூடும்.

2. சந்திப்பிழை: "இதனை சரி" என்பது "இதனைச் சரி" என வர வேண்டும். இரண்டாம் வேற்றுமை உருபாகிய "ஐ" வெளிப்பட்டு நிற்கும்போது அதன்பின் வல்லினம் மிகும். இது சந்திப்பிழைதிருத்தியின் வேலை.

3. தொடர்ப்பிழை: "இரு மனுக்கள் அளிக்கப்பட்டது" என்பது "அளிக்கப்பட்டன" எனப் பன்மையில் முடிய வேண்டும். இரண்டு சொற்களும் தனித்தனியே சரியானவை. அவற்றின் உறவே பிழை. சொல்லை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது புலப்படாது.

4. பொருட்பிழை: "இரவு வேலையில்" என்பது "இரவு வேளையில்" என இருக்க வேண்டும். நான்கில் இதுவே மிகக் கடினமானது. "வேலை", "வேளை" இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். அதோடு, தொழிற்சாலைகள் நிறைந்த அம்பத்தூரில் "இரவு வேலையில் பெண்கள் அஞ்சுகின்றனர்" என்பது முழுப் பொருள் தரும் வாக்கியமும் ஆகும். படிக்கும் அலுவலர் அதை ஒரு தொழிற்சாலையின் இரவு முறைப் பணி பற்றிய புகார் என எடுத்துக்கொள்ள இடமுண்டு. தெருவிளக்குக்கான மனு வேறு பொருளைச் சொல்லிவிடும்.

பணி–பனி, அரை–அறை, கரை–கறை, ஏரி–ஏறி, இரங்கு–இறங்கு போன்ற இணைகள் யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

பிழைதிருத்திகள்

நீச்சல்காரன் என்ற புனைபெயரில் அறியப்படும் நிரலாளர் உருவாக்கிய "வாணி" எழுத்துப்பிழைதிருத்தியும் "நாவி" சந்திப்பிழைதிருத்தியும் இணையத்தில் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. இரண்டிலும் உரையை இட்டுச் சோதித்தால் ஐயத்துக்குரிய இடங்கள் சுட்டப்படும். வாணி மாற்றுச் சொற்களைப் பரிந்துரைக்கும். நாவி, வல்லினம் மிக வேண்டிய இடங்களையும் மிகக்கூடாத இடங்களையும் கவனிக்கும். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மென்பொருள்களுள் மொழியியல் பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய "மென்தமிழ்" குறிப்பிடத்தக்கது.

தமிழ் ஒட்டுநிலை மொழி. "செல்" என்ற ஒரே வினையிலிருந்து சென்றான், செல்கிறார்கள், செல்லாமலிருந்தவர்களுக்கும் எனப் பல்லாயிரம் வடிவங்கள் பிறக்கும். அத்தனையையும் பட்டியலிட்டு வைக்க இயலாது. எனவே தமிழுக்கான பிழைதிருத்தி ஒரு சொல்லை வேர், இடைநிலை, விகுதி, உருபு எனப் பிரித்துப் பார்க்கும் ஆற்றல் பெற்றிருக்க வேண்டும். பிரிக்க முடியாத சொல்லை அது பிழையென்று கொள்ளும். இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. அறியப்படாத சரியான சொல், குறிப்பாகச் சிற்றூர்ப் பெயர், பிழையாகக் காட்டப்படலாம். தவறான இடத்தில் வந்த சரியான சொல் பிழையின்றிக் கடந்து செல்லலாம்.

சந்தி விடுபட்டால் பொருளே மாறும் இடங்களும் உண்டு. "அம்பத்தூரில் கடை பிடித்தார்" என்றால் வாடகைக்குக் கடை எடுத்தார் என்று பொருள். "விதிகளைக் கடைப்பிடித்தார்" என்றால் விதிப்படி நடந்தார் என்று பொருள். "விதிகளைக் கடை பிடித்தார்" என எழுதினால் ஒவ்வொரு சொல்லும் சரியாகவே இருக்கும். தொடர் மட்டும் பிழையாகும்.

ஆகவே பிழைதிருத்தி காட்டும் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதைவிட, அது ஏன் சுட்டப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பதே பயிற்சியாகும்.

மின்னகராதிகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர் ஒரு பிற்சேர்க்கையும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட இப்பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் தேடிப் பார்க்கலாம். பெப்ரீசியசு, வின்சுலோ ஆகியோரின் பழைய அகராதிகளும் அங்கு உள்ளன.

பேரகராதியைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, அகராதியில் சொற்கள் அடிப்படை வடிவிலேயே இருக்கும். "சென்றான்" என்று தேடினால் கிடைக்காது. "செல்" என்று தேட வேண்டும். இரண்டாவது, அது தொகுக்கப்பட்ட காலத்துக்குப் பின் தோன்றிய "கணினி" போன்ற சொற்கள் அதில் இரா.

தற்காலச் சொற்களுக்குத் தமிழ் விக்சனரியும், செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் "சொற்குவை" தளமும் உதவும். இக்காலத் தமிழின் வழக்கை எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் பதிவுசெய்த நூல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதன் முதற்பதிப்பு 1992இல் வந்தது.

வேலை–வேளை போன்ற இணைகளில் ஐயம் வரும்போது இரண்டு சொற்களையும் அகராதியில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்வது பயன்தரும் முறை.

ஊர்ப்பெயர்களில் புணர்ச்சி இலக்கணம்

சந்தி எனப்படும் புணர்ச்சி விதிகள் மாணவர்களுக்குக் கடினமாகத் தோன்றுபவை. ஆனால் அவ்விதிகள் அன்றாடம் காணும் ஊர்ப்பெயர்களிலேயே அமைந்துள்ளன. நன்னூல் கூறும் புணர்ச்சி வகைகளை மேற்குப் புறநகரில் பின்வருமாறு காணலாம்:

- இயல்பு புணர்ச்சி: குமணன்சாவடி, கரையான்சாவடி. பூந்தமல்லியை ஒட்டிய இவ்விரு பெயர்களிலும் நிலைமொழியும் வருமொழியும் மாற்றமின்றிச் சேர்கின்றன.
- தோன்றல்: பருத்தி + பட்டு = பருத்திப்பட்டு; நெமிலி + சேரி = நெமிலிச்சேரி. இடையில் வல்லின மெய் தோன்றுகிறது. மா + காடு = மாங்காடு என்பதில் "ங்" என்ற மெல்லினம் தோன்றுகிறது; மரப்பெயர்கள் சிலவற்றின்பின் இவ்வாறு இனமெல்லெழுத்து மிகும்.
- திரிதல்: வேல் + காடு = வேற்காடு (திருவேற்காடு); தொழில் + பேட்டை = தொழிற்பேட்டை. லகர மெய் றகர மெய்யாகத் திரிகிறது. வேற்காட்டில் உள்ள "வேல்" வேல மரத்தைக் குறிப்பதாகக் கொள்வர்.
- கெடுதல்: வாகனம் + தொழிற்சாலை = வாகனத் தொழிற்சாலை. ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையின் பெயரில் மகர மெய் கெட்டு, அவ்விடத்தில் "த்" தோன்றியுள்ளது.
- உடம்படுமெய்: நின்ற + ஊர் = நின்றவூர் (திருநின்றவூர்); பூ + இருந்த = பூவிருந்த (பூவிருந்தவல்லி). இரண்டு உயிர்கள் சேரும் இடத்தில் வகர மெய் இடையில் வருகிறது.

இவ்விதிகளை முறையாகக் கற்க இரண்டு வளங்கள் போதுமானவை. ஒன்று, தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்கள். இவற்றின் மின்வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இலக்கணப் பகுதிகள் எளிய நடையில் அமைந்தவை. மற்றொன்று, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனத்தின் தளம். சென்னை கோட்டூர்புரத்தில் இயங்கும் இந்நிறுவனத்தின் தளத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்திலக்கணங்களுக்கும் பாடங்கள் உள்ளன. நன்னூல், தொல்காப்பியம் ஆகியவற்றை உரைகளுடன் அங்குப் படிக்கலாம்.

விதியும் வழக்கும் வேறுபடும் இடங்கள்

எல்லா இடங்களிலும் விதியே முடிவு செய்வதில்லை. "தொழிற்பேட்டை" என்பதில் லகரம் திரிவதுபோல, பால் + பண்ணை என்பதும் "பாற்பண்ணை" ஆக வேண்டும். ஆனால் அம்பத்தூரில் உள்ள ஆவின் நிலையத்தை மக்கள் "பால்பண்ணை" என்றே எழுதுகின்றனர். "பால்" என்ற சொல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் இக்கால வழக்கு திரிபைத் தவிர்க்கிறது. ஊர்ப்பெயருக்குப் பின் ஒற்று இடுவதும் இத்தகையதே. "அம்பத்தூர்த் தொழிற்பேட்டை" என்பது இலக்கண வடிவம். பெயர்ப்பலகைகளில் "அம்பத்தூர் தொழிற்பேட்டை" என்ற வடிவமே மிகுதி. நாள்கள், நாட்கள் ஆகியவற்றுள் எது சரி என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

இத்தகைய இடங்களில் கருவிகளும் ஒன்றுக்கொன்று மாறான முடிவு தரலாம். தேர்வுத் தாளில் இலக்கண வடிவத்தையும், பொது எழுத்தில் ஒரே வடிவத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமலும் பயன்படுத்துவது பாதுகாப்பானது. ஆனால் இரண்டாம் வேற்றுமை "ஐ", நான்காம் வேற்றுமை "கு", அந்த–இந்த–எந்த ஆகியவற்றின்பின் வல்லினம் மிகுவதில் இத்தகைய நெகிழ்வு இல்லை. "ஆவடிக்குச் சென்றாள்", "பேருந்தைப் பிடித்தாள்", "அந்தத் தெரு" என்றே எழுத வேண்டும்.

ஊர்ப்பெயரின் சரியான வடிவத்தை அறிதல்

பேருந்துப் பலகையில் "பூந்தமல்லி" என்றும் வேறு இடங்களில் "பூவிருந்தவல்லி" என்றும் ஒரே ஊர் எழுதப்படுகிறது. திருமுல்லைவாயில், திருமுல்லைவாயல் என்ற இரு வடிவங்களும் வழங்குகின்றன. முகப்பேர் என்ற பெயர் "மகப்பேறு" என்பதிலிருந்து வந்தது என்ற வழக்கு உள்ளது. அவ்வாறு கொண்டால் ரகரமா றகரமா என்ற கேள்வி எழும். பிழைதிருத்திகளால் இவற்றுக்கு விடை காண இயலாது.

பழைய நூல்களில் அவ்வூர் எவ்வாறு எழுதப்பட்டது என்று பார்ப்பதே இங்கு வழி. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களைத் தேடத்தக்க மின்னுரைகளாக வழங்குகிறது. திருவேற்காட்டைச் சம்பந்தரும், வடதிருமுல்லைவாயிலைச் சுந்தரரும், திருநின்றவூரைத் திருமங்கையாழ்வாரும் பாடியுள்ளனர். அப்பதிகங்களையும் பாசுரங்களையும் மின்னுரையில் பார்த்தால், "வாயில்" என்பதே பழைய வடிவம் என்பதை மாணவர் தாமே கண்டறியலாம். "வாயல்" என்பது பேச்சுவழக்கின் வழியாக எழுத்தில் ஏறிய வடிவம் என்பதும் அப்போது தெளிவாகும்.

ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல் அரசுக்கும் எளிதான வேலையாக இருக்கவில்லை. தமிழ் ஒலிப்புக்கேற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணை 2020 ஜூனில் வெளியானது. அம்பத்தூரும் பூந்தமல்லியும் அப்பட்டியலில் இருந்தன. புதிய எழுத்துக்கூட்டல்கள் குறித்துப் பல தரப்பிலும் விமர்சனம் எழுந்ததால் சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

தட்டச்சு முறையும் எழுத்துப்பிழையும்

கைப்பேசியில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றும் முறையைப் பயன்படுத்துகின்றனர். இம்முறையில் ல–ள–ழ, ர–ற, ந–ண–ன ஆகியவற்றுள் எது வேண்டும் என்பதைப் பல நேரங்களில் கருவியே தேர்ந்தெடுக்கிறது. எழுதுபவர் பரிந்துரைப் பட்டியலில் முதலில் வரும் சொல்லைத் தொட்டுவிடுகிறார். "வேளை" என எண்ணியது "வேலை" ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குரல்வழித் தட்டச்சிலும் இதே நிலை உண்டு. பேச்சில் ஒலி வேறுபாடு தேய்ந்திருந்தால் எழுத்திலும் அது மாறிவிடும்.

தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வோர் உயிரெழுத்துக்கும் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் தனி விசை உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவான இம்முறையைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் உண்டாகும் இலக்கணத்தையே இது பின்பற்றுகிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்து தானே புள்ளி பெறும். எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எழுதுபவரிடமே இருப்பதால், தட்டச்சும் எழுத்துப் பயிற்சியாக அமைகிறது.

தொடர்ந்து எழுதும் பயிற்சி

விதிகளை அறிவது மட்டும் எழுத்தாற்றலைத் தராது. பிறர் படித்துத் திருத்தும் இடத்தில் எழுதும்போதே நடை சீர்படும். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியா இதற்கு ஏற்ற களம். யாரும் கட்டுரையைத் தொடங்கலாம், திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் சேமிக்கப்படுவதால், தாம் எழுதிய வாக்கியத்தை மற்றொருவர் எப்படி மாற்றினார், ஏன் மாற்றினார் என்று பார்த்துக் கற்கலாம். தம் தெருவுக்கு அருகிலுள்ள ஏரி, பழைய கோயில், தொடர்வண்டி நிலையம் ஆகியவை பற்றிய கட்டுரையை மேம்படுத்துவது மாணவருக்குப் பழகிய பொருளில் தொடங்கும் வாய்ப்பாகும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் இன்று கடிதங்களையும் கட்டுரைகளையும் திருத்தித் தருகின்றன. ஒருமை பன்மைப் பிழை, தொடர்க் குழப்பம் ஆகியவற்றைச் சுட்டுவதில் அவை பயன்படும். ஆனால் இல்லாத விதியை உள்ளதுபோலக் கூறுவதும் அவற்றில் நிகழக்கூடும். அவை சொல்லும் இலக்கண விளக்கத்தைப் பாடநூலிலோ நன்னூல் உரையிலோ ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும்.

எழுதியதைச் சரிபார்க்கும் வரிசை

ஒரு கடிதத்தையோ கட்டுரையையோ அனுப்பும் முன் பின்வரும் வரிசையில் சரிபார்க்கலாம்:

1. எழுத்துப்பிழைதிருத்தியில் இட்டுச் சொல்வடிவப் பிழைகளை நீக்குதல்.
2. சந்திப்பிழைதிருத்தியில் இட்டு, சுட்டப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் விதி என்ன என்று பார்த்தல்.
3. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயையும் பயனிலையையும் மட்டும் எடுத்து, அவை எண்ணிலும் திணையிலும் பாலிலும் பொருந்துகின்றனவா எனப் பார்த்தல்.
4. ல–ள–ழ, ர–ற, ந–ண–ன வரும் சொற்களில் ஐயமுள்ளவற்றை அகராதியில் பார்த்தல்.
5. இறுதியாக, உரையை வாய்விட்டுப் படித்தல், அல்லது செய்தியை முன்னரே அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, என்ன விளங்கியது என்று கேட்டல்.

முதல் இரண்டு படிகளைக் கருவிகள் செய்யும். அடுத்த இரண்டில் இணையம் துணை நிற்கும். ஐந்தாவது படி மனிதரால் மட்டுமே இயலும். மேலே கண்ட மனுவில் "இரவு வேலை" என்பதைப் பிடிக்கக்கூடியது அந்த ஐந்தாவது படிதான்: படித்தவர் "எந்தத் தொழிற்சாலையில்?" என்று கேட்ட உடனே பிழை வெளிப்பட்டுவிடும். அலுவலரின் மேசையை அடையும் முன்பே அக்கேள்வி எழுந்துவிட்டால், தெருவிளக்குக்கான மனு தெருவிளக்குக்கான மனுவாகவே சென்றுசேரும்.